மேசைக்கு ஒரு ஆமென்
"அதெல்லாம் சரி நொரீன், லத்தீன் படிச்சு நம்ம ஆகத்தா யார்கிட்ட பேசப் போறா? போப்பாண்டவர்கிட்டயா?" என்று என் அண்ணன் கான்ராட் வகுப்பு வாசலில் நின்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறான். இந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே லத்தீன். அண்ணி நொரீனின் ஒரு கையில் மகள் ஆகத்தா, மறுகையில் சேர்க்கைப் படிவம். அண்ணன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பன்னிரண்டு மணிக்குள் கொடுக்காவிட்டால் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். "மெதுவா பேசுங்க, மானம் போகுது," என்கிறாள் அண்ணி. உள்ளே ஒஹையோவின் பனிக்கால வெயில், சுவரிலிருக்கும் சிலுவையைத் தொட்டுவிட்டு இருபது சின்னத் தலைகள்மேல் இறங்குகிறது. ஆசிரியை கைதட்டுகிறார். பிள்ளைகள் எழுந்து, ஒரே குரலில், "மென்சா, மென்சே, மென்சே, மென்சாம்..." என்று ராகம் இழுக்கிறார்கள். அண்ணன் சட்டென்று தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலை குனிகிறான். முடிந்ததும் கணீரென்று, "ஆமென்!" வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. முன்பல் விழுந்த ஒரு சிறுமி பொறுமையாக, "மாமா, அது ஜெபம் இல்ல. லத்தீன்ல மேசை, மேசையோட, மேசைக்கு, மேசையை..." என்கிறாள். ஆசிரியை வாயைப் பொத்திக்கொள்கிறார். "ஐயோ, அப்பா மேசையைக் கும்பிட்டுட்டாரு!" என்று ஆகத்தா குதிக்கிறாள். அண்ணி படிவத்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள், தோள் மட்டும் குலுங்குகிறது. பிள்ளைகள் அவனுக்காகவே மறுபடி ஆரம்பிக்கிறார்கள். ஆகத்தாவும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறாள். காது இரண்டும் சிவக்க நிற்கும் அண்ணனின் உதடுகள், சத்தமில்லாமல், ஒரு மேசைகூடத் தவறாமல் கூடவே அசைகின்றன. இதைச் சம்மதம்னே எடுத்துக்கலாம்தானே, நீங்க என்ன சொல்றீங்க?