கரடி இருந்த இடம்

பெரிய ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பருக்குக் காயம் என்றால், அதற்கு ஆள் வளர்த்துக் கொடுக்கும் சின்ன அணியிலிருந்து துவாரகனைக் கூப்பிடுவார்கள். ஆனால் ஒருநாளும் பனித்தரையில் இறக்கியதில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆடிக் களைத்து வருகிறவர்களுக்குத் தடுப்புச் சுவரின் கதவைத் திறந்துவிடுவான். காயம் ஆறியதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்றும் ஆறிவிட்டது. அணியின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் யோகு அண்ணை கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

"ஜெர்சியைத் தா தம்பி. பேரைப் பிரிச்செடுக்கவேணும்."

"பிறகு ஆரின்ரை பேரைத் தைப்பியள்?"

"ஆர் வருகினமோ, அவையின்ரை."

துவாரகன் ஜெர்சியின் முதுகைத் திருப்பிப் பார்த்தான். அவன் பெயரைச் சுற்றிலும் பழைய ஊசித் துளைகள். அவனுக்கு முன்னால் கதவு திறந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கத்தரியைத் தாங்கோ. நானே பிரிக்கிறன்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தையலாக அறுத்தான். பிறகு ஜெர்சியை அவர் மேல் எறிந்தான். முதுகில் அவன் பெயர் அப்படியே இருந்தது. நெஞ்சில் உறுமிக்கொண்டிருந்த அணியின் கரடிச் சின்னத்தைத்தான் காணவில்லை. அந்த இடத்தில் வெறும் ஊசித் துளைகள்.

"என்ன வேலையடா பாத்தனீ! இதிலை இனி எதைத் தைக்கிறது?"

"எந்த அணி வருகுதோ, அதின்ரை."