முப்பதுக்குக் கீழே

சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர் மரியதாஸுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. எல்லோரையும் போல அவனும் கட்டியிருந்த மணிக்கட்டுப் பட்டை, உயிர்ப்புள்ளி நூற்றுக்கு இருபத்தெட்டு என்று காட்டியது. முப்பதுக்குக் கீழே இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

ஆட்டோவில் போகும்போது அவன் மனைவி ஜெபராணி தூக்குவாளியைத் திறந்தாள்.

"அங்க எவ்வளவு நேரமாகுமோ, வெறும் வயித்தோட போக வேண்டாம்" என்று இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டாள்.

வாசலில் நர்ஸ் பட்டையைப் பார்த்தார். முப்பத்து மூன்று.

"வர்ற வழியில ஏதாவது குடுத்தீங்களா?"

"இட்லி குடுத்தேங்க."

"கேம் ஆடற புள்ளைங்களுக்கே தெரியுமேம்மா, சாப்பிட்டா புள்ளி ஏறும்னு. இப்போ சேர்க்க முடியாது."

"கால் ஒடிஞ்சு தொங்குதே, பாருங்க."

"நான் பாக்கறேன். கம்ப்யூட்டர் நம்பரைத்தானே பாக்கும்? வெளியே உக்காருங்க, எறங்கினதும் கூட்டிட்டு வாங்க."

மதில் ஓரமாகத் துண்டை விரித்து அவனைப் படுக்க வைத்தாள். அங்கே இன்னும் சிலர் அப்படிப் படுத்திருந்தார்கள். வெயில் ஏறியது. எண் முப்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

"நாக்கு வறளுது புள்ள. ஒரு வாய் தண்ணி குடு."

ஜெபராணி நிறைந்திருந்த பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தீந்துபோச்சுங்க" என்றாள்.