ஜெப எண்ணெய்ப் புட்டி

பஸ்ஸில் ஏறிய போலீஸ் நாய், யாரையும் சட்டை பண்ணாமல் நேராக ஏழாவது வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அது உட்கார்ந்தால் போதைச் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஜோவாவ் பெசோவா நகரத்திலிருந்து பாத்தோஸ் ஊருக்குப் போகிற ரோட்டில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"நாய்க்குப் பசி சார். மேல என் பையில உப்புக்கண்டம் இருக்கு, அதான்" என்றார் பின்சீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நாயோடு ஏறிய போலீஸ் சார்ஜன்ட் சிரிக்கவில்லை.

ஏழாவது வரிசையில் நெய்டி இருந்தாள். மடியில் அவளுடைய ஆறு வயது மகள் ரயானி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் அவர்கள் ஊர் சபைப் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா ஜுராசி.

"பையைத் திறம்மா."

பிள்ளையின் துணி, மரவள்ளி மாவு ரொட்டி. அடியில் சபையின் பெயர் ஒட்டிய சின்னப் புட்டி.

"இது என்ன?"

"ஜெப எண்ணெய் சார். எங்க சபையில குடுத்தது."

சார்ஜன்ட் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "எந்த சபையிலம்மா கஞ்சாவுக்கு ஜெபம் பண்றாங்க?"

நெய்டிக்குப் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மூன்று மாதம் முன்னால் சபையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னவள் அவள். "ஒரு நாளைக்கு இருபது தடவை வலிப்பு வரும். பாஸ்டர் ஜெபிச்ச எண்ணெயைப் பூசினேன். நின்னுடுச்சு" என்றாள். சபையே எழுந்து கைதட்டியது. பாஸ்டரம்மா மட்டும் பாதியிலேயே வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவரைக் கண்டாலே நெய்டி ஒதுங்கிப் போவாள்.

வலிப்பை நிறுத்தியது நகரத்து டாக்டர் எழுதிக்கொடுத்த கஞ்சா எண்ணெய். பாஸ்டரோ ஞாயிறு தவறாமல் கஞ்சாவைப் பிசாசின் பயிர் என்று சபிப்பவர். அம்மாவும் பிள்ளையும் குடியிருப்பது சபை கொடுத்த வீட்டில். என்ன செய்வாள் பாவம்? மாதாமாதம் மருந்தை வாங்கி, சபைப் புட்டியில் மாற்றி எடுத்து வருவாள்.

"டாக்டர் சீட்டு இருந்தா காட்டு. இல்லைன்னா இறங்கு, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

சீட்டு பர்ஸில் இருந்தது. எடுத்தால் சாட்சி பொய்யாகும், வீடு போகும். எடுக்காவிட்டால் மருந்து போகும்.

நெய்டி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். சீட்டை எடுத்து நீட்டினாள்.

"ஓ, மைக்கைப் பிடிச்சு அழுதது இவதானே? நல்ல சாட்சி" என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

சார்ஜன்ட் நிதானமாகப் படித்தார். "சீட்டு சரி. பேரும் சரி. புட்டிதான் சரியில்ல. லேபிள் ஒட்டின மருந்துப் புட்டியில இருந்தா உங்கிட்டயே குடுத்துட்டுப் போயிடுவேன். இதுல சபை பேரு இருக்கு. உள்ள இருக்கறது இந்த மருந்துதான்னு நான் எதை வெச்சு நம்பறது? அந்தப் புட்டி எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் சார்."

"அப்போ இதை நான் எடுத்துக்கிட்டுத்தான் போகணும்."

"ஆறு மணிக்கு அவளுக்கு அஞ்சு சொட்டு குடுக்கணும் சார். நேரம் தப்பினா வலிப்பு திரும்ப வந்துடும். வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க. எண்ணெயை மட்டும் விட்டுடுங்க."

"நான் டாக்டர் இல்லம்மா" என்றபடி அவர் புட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டார். அவர் குரலிலும் சுரத்து இல்லை.

பாஸ்டரம்மா எழுந்தார். நெய்டி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் நில்லு தம்பி."

பாஸ்டரம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு காலிப் புட்டி. லேபிளில் ரயானியின் பெயர், டாக்டர் பெயர், அன்றைய தேதி.

"பஸ் ஸ்டாண்டு பாத்ரூம்ல இவ ஊத்தி மாத்தினப்ப நானும் அங்கதான் இருந்தேன். குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் போனா. நான் எடுத்து வெச்சேன். ரெண்டையும் மோந்து பாரு."

சார்ஜன்ட் மோந்து பார்த்தார். லேபிளையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு அவரே ஒரு சொட்டு சிந்தாமல் எண்ணெயை மருந்துப் புட்டிக்கு மாற்றி நெய்டியின் கையில் வைத்தார்.

"இனிமே மாத்தாதம்மா. எல்லாரும் இவ்வளவு நேரம் நின்னு பேச மாட்டாங்க."

நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பஸ் நகர்ந்தது.

நெய்டி பாஸ்டரம்மா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் பாஸ்டரம்மா?"

"நீ சாட்சி சொன்ன அன்னிக்கே. நீ மைக்கைப் பிடிக்கறதுக்கு முன்னாடி பிள்ளையைத் தூக்கி முத்தம் குடுத்தேனே, வாயில கஞ்சா வாசனை வந்துச்சு."

"அப்புறம் ஏன் பாஸ்டர்கிட்ட சொல்லல?"

காலியான சபைப் புட்டி சீட்டில் கிடந்தது. பாஸ்டரம்மா அதை எடுத்து, மூடியைத் திருகி மூடினார். தூங்கும் ரயானியின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார்.

"எங்க பையன் எசேக்கியேலுக்கும் இதே வலிப்புதான். இதே டாக்டர்தான் சீட்டு எழுதினாரு. அதை பைபிளுக்குள்ள மடிச்சு வெச்சுட்டோம். எட்டு வயசு முடியறதுக்குள்ள போயிட்டான்" என்றார். "அவனுக்கு நாங்க இந்தப் புட்டி எண்ணெயை மட்டும்தான் பூசினோம் நெய்டி."