அனக்லேத்துவின் காதலி

“மறுபடியுமா? போன வாரம் குடுத்ததே தீந்துபோச்சா தாத்தா? எழுபத்திரண்டு வயசுல என்ன வேகம் இது!”

நர்ஸ் தல்வினா வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள். தடுப்பூசிக்காகக் குழந்தைகளோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அனக்லேத்து தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். அக்ரே காட்டில் சிறு வயதிலிருந்தே ரப்பர் மரம் சீவுகிறவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது.

“எங்க மரத்துப் பால்லதானே இந்த ஆணுறையே செய்யறாங்க. நான் உபயோகிச்சா என்ன தப்பு?”

“தப்பே இல்ல. யாருக்குன்னு கேக்கணும்னு உத்தரவு. அதான் கேக்கறேன்.”

“எனக்குத்தான்.”

முன்பெல்லாம் ஆணுறைப் பெட்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது. போகிற போக்கில் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். கணக்கு வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொல்ல, பெட்டி உள்ளே வந்துவிட்டது. இப்போது நேரில் வந்து பேரும் வயசும் சொன்னால்தான் கிடைக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இந்த ஊரில், எந்த இளசு வந்து நிற்கும்?

“வாலிபப் பிள்ளைங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல,” தல்வினாவின் குரல் தணிந்தது. “எல்லாம் தேங்கிக் கிடக்கு. இங்க தேவையில்ல போலன்னு மேல நெனச்சுக்குவாங்க. அடுத்த தடவை பாதிதான் அனுப்புவாங்க.”

“அவங்க பாதி வாங்கினா ஃபாக்டரியும் எங்ககிட்ட பாதிப் பால்தான் வாங்கும். மிச்சத்தைப் பழையபடி வியாபாரி சொல்ற விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.”

“உங்களுக்குப் பால் கவலை. எனக்கு ஜுரேமாவை நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.”

அனக்லேத்து தலையைக் குனிந்துகொண்டார். ஜுரேமா அவருடைய பக்கத்து வீட்டுப் பெண். பிரசவத்துக்கு வந்தபோதுதான் அவளுக்கு மேகநோய் தொற்றியிருப்பது தெரிந்தது. குழந்தை தங்கவில்லை. உள்ளே வந்து ஆணுறை கேட்க வெட்கப்பட்ட அவள் புருஷன் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, சின்னஞ்சிறு சவப்பெட்டியைத் தோளில் சுமந்துபோனவர் அனக்லேத்து. அதற்கு அடுத்த வாரம்தான் அவர் முதல்முறையாக இங்கே வந்து நின்றார்.

“அந்த அதிர்ஷ்டக்காரி யாரு தாத்தா? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்களேன், பாப்போம்!” வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

“வரமாட்டா. ரொம்ப வெக்கப்படுவா,” என்றார். காது மடல் சிவந்தது. கோயிலில் தன் முதுகுக்குப் பின்னால் எழும் கிசுகிசுப்பு அவருக்குத் தெரியாததல்ல. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தல்வினா பையை நிரப்பினாள். வழக்கத்தைவிட அதிகமாகவே திணித்தாள்.

“இவ்வளவு எதுக்கும்மா?”

“உங்களுக்கு இதுவே பத்தாது.”

மறுபடியும் சிரிப்பு. அனக்லேத்துவுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பிரசவம் பார்க்க மழையிலும் படகேறி வருகிறவள். தாய் மாதிரி. இவளிடம் போய்ப் பொய் சொல்கிறோமே! நல்லவேளை, எதையும் சந்தேகப்படவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வேகமாக வாசலுக்கு வந்தார்.

“தாத்தா, இருங்க.”

பின்னாலேயே வந்த தல்வினா, பையின் வாரை அவர் தோளில் சரியாக மாட்டிவிட்டாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி காதருகே குனிந்தாள்.

“படித்துறையில படகுக்குப் பின்னால இந்தப் பைக்காக ஒளிஞ்சு நிக்கிறாளே, டீச்சர் வேலை பாக்கற என் பொண்ணு, அவகிட்ட சொல்லுங்க... மீன் ஆறிப்போகுது, அவ பழகற அந்தப் பையனையும் கூட்டிட்டு நேரத்தோட சாப்பிட வரச் சொல்லி.”