முள்கிளை

ஊர் எல்லையில் லாரியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான் மாசானம். பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருந்தன. அவை வந்து சேராமல் அந்த ஊர் ஆஸ்பத்திரி தவித்துக்கொண்டிருந்தது. ஊர்த்தலைவர் குருசாமி ஓடி வந்தார்.

"ஏம்ப்பா நிறுத்திட்ட? உள்ள வா."

"வெளியூர்க்காரன் உள்ள வரலாமா தலைவரே? நோய் வந்துராது?"

அப்போதுதான் அவருக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. போன வருஷம் நோய்க்குப் பயந்து இதே இடத்தில் வேலமுள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தவர் அவர்தான். அன்று ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வண்டிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தான் மாசானத்தின் அண்ணன். அன்று அந்த அடைப்பிலிருந்து அவன் ஒடித்து வைத்த முள்கிளை இன்னும் ஸ்டீயரிங்குக்கு முன்னால் காய்ந்து கிடந்தது. இந்தச் சுமையைக் கடவுளே தன் கையில் கொடுத்ததாக நினைத்தான் மாசானம். இறங்கி, கிளையைச் சாலையின் குறுக்கே வைத்தான்.

"அந்தப் பக்கமே நில்லுங்க."

"என்னை என்ன வேணாலும் செய்யி. உள்ள ஆஸ்பத்திரில என் மருமக மூச்சுக்குத் தவிச்சுக் கெடக்கா. அன்னைக்கு முள்ளுக்கு மேல தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போட்டாளே, அவதான். அதுக்கு அவளை நான் அடிச்சேன்."

மாசானம் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். பச்சை மூடி போட்ட அந்தப் பாட்டில் இருக்கையில் கிடந்தது. முள்ளைத் தினமும் தொட்டுப் பார்த்தவன், தினமும் அதில்தான் தண்ணீர் பிடித்துக் குடித்தான். கொடுத்த கையை ஒருநாளும் நினைத்ததில்லை.

தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளை நோக்கிக் காலைத் தூக்கினார்.

"வைக்காதீங்க" என்று முள்ளை எடுக்கக் குனிந்தான் மாசானம்.