வடிகட்டியில் சிவப்பு நூல்

வடிகட்டியின் மூடியைத் திறந்ததும் வின்கோ முதலில் தேடியது சிவப்பைத்தான்.

இருந்தது. நான்கு நூல்கள், நகத்தளவு. கம்பி வலையின் மேல் எண்ணெயில் குளித்துவிட்டுச் சொகுசாகப் படுத்திருந்தன.

வீஸ் தீவுக்கு ஓடப்போகும் புதுப் பயணிகள் கப்பல் அது. அதன் டீசல் இயந்திரத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்களை நான்கு நாளாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அறுபது டிகிரி சூட்டில் எண்ணெயைச் சுற்றவிட்டு, வளைவுக்கு வளைவு மரச்சுத்தியால் தட்டினார்கள். முதல் நாள் வெல்டிங் உருண்டைகள் வந்தன. அடுத்த நாள் துரு. மூன்றாம் நாளிலிருந்து நூல் மட்டும்.

நூல் இருந்தால் எங்கோ துணி இருக்கிறது. அது போய் எண்ணெய்த் துளையை அடைத்தால் பேரிங் பத்தே நிமிடத்தில் உருகிவிடும்.

மணி பதினொன்று. மதியத்துக்குள் ஃபோர்மேன் வின்கோ 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டால்தான் கழுவிய எண்ணெயை வடித்து, புது எண்ணெய் நிரப்பி, நாளைக் காலை அமைச்சர் பொத்தானை அமுக்க முடியும். கரையில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஒத்திகையைத் தொடங்கிவிட்டார்கள். விருந்துக்கான ஆட்டுக்குட்டிகளுக்கு நாள் குறித்தாயிற்று. அவற்றிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

தலைமை நிர்வாகி டாக்டர் ஸ்ரெச்கோ வுகேலிச் இரும்புப் படிகளில் இறங்கி வந்தார். எதில் டாக்டர் என்று கப்பல் கட்டும் தளத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்ட ஒருவர் இப்போது கிடங்கில் ஆணி பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"நாலு நூலு. நாலே நாலு நூலுக்காக அமைச்சரைக் காக்க வைக்கச் சொல்றியா?"

"நூல் நாலுதான் ஐயா. துணி எவ்வளவுன்னு தெரியல."

"துணி யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் பார்வை மாத்தேயின் கழுத்தில் போய் நின்றது.

குழாய் பொருத்தும் மாத்தேயை, அந்தச் சிவப்புக் கைக்குட்டை இல்லாவிட்டால் அவன் மனைவிக்கே அடையாளம் தெரியாது. துடைக்கிற வெள்ளைத் துணிகளை வின்கோ தினமும் எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்ப வாங்குவார். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் கழுத்துத் துணியை எந்த ஃபோர்மேன் எண்ணுவான்?

"பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடு. இல்லேன்னா, இது இவனோட துணின்னு எழுதிக் குடு. இவனும் வெளியே, இவனை மேய்ச்ச நீயும் வெளியே."

சொல்லிவிட்டு வுகேலிச் அமைச்சரின் உதவியாளரிடம் தொலைபேசியில் குழையத் தொடங்கினார்.

வின்கோ கைக்குட்டையைக் கூர்ந்து பார்த்தார். ஒரு மூலை கிழிந்திருந்தது.

"மாமியார் வீட்டுல கடிச்சது, பார்பா," என்றான் மாத்தே அவசரமாக. மூத்தவர்களை அந்தக் கரையில் 'பார்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். "நாய்தான் கடிச்சது. மாமியார் இல்ல."

வின்கோ சிரிக்கவில்லை. "தூசி போகக் கூடாதுன்னு ஒரு நிமிஷம் குழாய் வாயில திணிச்சு வச்சியா? இருந்தா இப்பவே சொல்லிடு."

"நீங்களுமா பார்பா?"

மாத்தேயின் முகத்தைப் பார்க்க முடியாமல் வின்கோ மரச்சுத்தியை எடுத்தார். தட்டாமல் விட்ட இடம் ஒன்றே ஒன்று: பெருங்குழாயின் ஒருவழி வால்வு. அதைத் தட்டக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

தட்டினார்.

பம்பை நிறுத்தச் சொன்னார். ஓட்டச் சொன்னார். மறுபடி நிறுத்து, மறுபடி ஓட்டு. ஒவ்வொரு முறையும் எண்ணெய் குழாய்க்குள் முட்டி மோதியது. தட்டிக்கொண்டே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேலே பேண்டு மூன்றாவது தடவையாக அதே பாட்டைக் கொலை செய்தது.

பதினொன்று ஐம்பதுக்கு வால்வுக்குள் எதுவோ வழுக்கிப் போனதைக் கை உணர்ந்தது. வடிகட்டியின் அழுத்தமானி முள் துள்ளியது.

மூடியைத் திறந்தார்.

இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு, எண்ணெயில் ஊறிக் கருத்து, சுருண்டு கிடந்தது. ஓரம் முழுக்கப் பிரிந்த சிவப்பு.

மாத்தே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நான் சொல்லல?" வுகேலிச் தொலைபேசியைப் பைக்குள் போட்டபடி நெருங்கினார். "எழுது. யாரோட அஜாக்கிரதைன்னு பேரு போட்டு எழுது."

வின்கோவின் கட்டைவிரல் துண்டை நீவியது. கைக்குட்டைத் துணி இல்லை. பட்டு. நீவ நீவ எண்ணெய்க்கு அடியிலிருந்து பொன்னிற எழுத்துகள் எட்டிப் பார்த்தன.

மார்ச் மாதம் இந்த இயந்திரத்தைக் கப்பலுக்குள் இறக்கிய நாளில் ஒரு விழா நடந்தது. அழுக்குச் சட்டைகள் படத்தில் விழக் கூடாதென்று தொழிலாளர்கள் எல்லோரையும் கயிறு கட்டி வெளியே நிறுத்திவிட்டார்கள். குழாய் வாயின் மூடியைக் கழற்றி, குறுக்கே நாடா கட்டி வெட்டியதை வின்கோ மறுநாள் செய்தித்தாளில்தான் பார்த்தார். வெட்டிய நாடா எங்கே விழுந்தது என்பது படத்தில் இல்லை.

"பேரு நான் எழுத வேணாம் ஐயா," என்றார் வின்கோ. "அச்சடிச்சே வந்திருக்கு."

நாடாவை விளக்குக்கு நேராக நீட்டினார்.

'...டாக்டர் ஸ்ரெச்கோ வுகேலிச் அவர்களின் பொற்கரங்களால்.'