முன்பதிவுத் தள்ளுபடி

"அந்த வீட்டுக்கு என்ன அனுப்பியிருக்கீங்கன்னு பாருங்க!"

ராஜஸ்ரீ கைப்பேசியை நீட்டியபோது ஹரீஷ் பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு வாங்கிப் படித்தவனுக்குக் காது வரை சூடேறியது.

'அன்புள்ள ரவிசந்திரன்! இன்றைய விசேஷம் அமர்க்களமாக நடந்ததா? எங்கள் விருந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். உங்கள் வீட்டின் அடுத்த விசேஷத்துக்கு இருபது சதவீதம் தள்ளுபடி. விரைவில் மீண்டும் சந்திப்போம்!'

அன்று அந்த வீட்டில் நடந்தது வளைகாப்பு அல்ல. பதினாறாம் நாள் காரியம்.

"காரிய வீட்ல போயிட்டு வரேன்னுகூடச் சொல்ல மாட்டோம்ங்க. நீங்க மீண்டும் சந்திப்போம்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"நான் அனுப்பல ராஜி. சைட்டே அனுப்பிடுச்சு."

"சைட்டுக்கு எழுதிக் கொடுத்தது யாரு?"

எழுதிக் கொடுத்தது அவனேதான். புனேயில் வானவடிப் பகுதியில் இருக்கும் தங்கள் வீட்டிலிருந்து இலைச் சாப்பாடு செய்து கொடுக்கக் கணவன் மனைவி இருவரும் இணையதளம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. சமையல் அவள் பொறுப்பு, விளம்பரம் அவன் பொறுப்பு.

தளத்தைப் பரப்ப என்ன வழி என்று பத்து வீடியோ பார்த்துவிட்டு, முன்பதிவுக்குத் தள்ளுபடி, விசேஷம் முடிந்ததும் தானாகப் போகும் நன்றிச் செய்தி என்று இரண்டைப் பொருத்தியிருந்தான். கிரகப்பிரவேசம், சீமந்தம், காதுகுத்து என்று போன பட்டியலின் கடைசியில் காரியத்தையும் சேர்த்தான். அதற்கு மட்டும் வேறு வாசகம் எழுத வேண்டும் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

"புனேல நம்ம ஆளுங்க இருக்கறதே கொஞ்சம். ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாருன்னா இனி நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க. நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் ரவிசந்திரன் வீடு இருந்த தேஹு ரோடுக்குக் கிளம்பினான். வழியெல்லாம் ரவிசந்திரனின் குரல்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை நேரில் பார்த்ததில்லை, இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருமுறை போனில் பேசியதோடு சரி.

"தம்பி, காரியச் சாப்பாடுதான். ஆனா வடை பஞ்சு மாதிரி இருக்கணும். பாயசத்துல முந்திரியைத் தேட வெக்கக்கூடாது. முன்னாடியே சொன்னா பதினஞ்சு பர்சென்ட் உண்டுன்னு போட்டிருக்கியே, நிஜந்தானே?"

"நிஜந்தானுங்க சார். தேதி எப்பங்க?"

"தேதி அப்புறம் தெரியும். இப்போதைக்கு எழுதி வெச்சுக்க."

வீட்டில் வயதானவர் யாரோ படுக்கையில் கிடக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். யாருக்கு என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஆனால் மறுநாள் ஆபீஸில், "காரியத்துக்கே முன்பதிவு வந்துடுச்சுடா, பாத்தியா ஆஃபரோட பவரை!" என்று நண்பனிடம் பீற்றிக்கொள்ள மட்டும் வாய் வந்தது. பத்து நாளைக்கு முன்பு அவர் எண்ணிலிருந்து, 'ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேர்' என்று செய்தி வந்தபோதுகூட அவன் முதலில் சந்தோஷப்பட்டான். இப்போது அதையெல்லாம் நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

கதவைத் திறந்தது அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். உள்ளே உறவுக்காரர்கள் பேசும் சத்தம் கேட்டது. ஹரீஷ் குனிந்த தலை நிமிரவில்லை.

"ரவிசந்திரன் சார் வீடுதானுங்களா? நான் சாப்பாடு அனுப்புன ஹரீஷுங்கம்மா. அந்த மெசேஜ்..."

"அதுக்காகவா வானவடிலேர்ந்து இவ்ளோ தூரம் வந்தே? நான் கனகவல்லி, அவரோட வீட்டுக்காரி. டென்ஷன் எடுத்துக்காதப்பா. சாப்பாடு பிரமாதம். எல்லாரும் பாயசம் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க."

அவள் பாராட்டப் பாராட்ட அவனுக்கு உடம்பு இன்னும் குறுகியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"சார் மெசேஜைப் பாத்துட்டாருங்களா?"

"போன் எங்கிட்டதான் இருக்கு. நான்தான் பாத்தேன்."

அப்படியே அழித்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சே, என்ன மனுஷன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"இல்லீங்கம்மா, தப்பு என்னோடதுங்க. சாரை ஒரு நிமிஷம் பாத்து நானே மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க. கோவப்பட்டாலும் பரவால்லீங்க."

கனகவல்லி வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

கூடத்துச் சுவரோரம் நாற்காலியில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. அதன் முன்னால் தலைவாழை இலை, வடை, பாயசம், விளக்கு. படத்தில் இருந்தவர் யாரையோ கேலி செய்வதுபோல் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹரீஷ் கைகூப்பினான். கண்கள் ரவிசந்திரனைத் தேடி அறையைச் சுற்றி வந்தன. அங்கே இருந்தவர்களில் அந்தக் குரலுக்குப் பொருத்தமாக யாரும் தென்படவில்லை.

"இவங்க... சாரோட அப்பாவுங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

கனகவல்லி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்கிட்ட ஆர்டர் குடுத்தவரே இவருதாம்ப்பா."